உருக்கும் துருவும்: துப்பாக்கிக் குழலின் காப்புப் படலம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1860ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதித் தொண்டர் படையினருக்கென வெளிவந்த ஒரு சஞ்சிகையில், பிரெடெரிக் ஏங்கெல்ஸ் றைபிளின் வரலாறு பற்றிய ஒரு கட்டுரைத் தொடரை எழுதத் தொடங்கினார். அத்தொடர் 1861இன் தொடக்கத்தில் நிறைவுற்றது. சுரிகுழலின் தோற்றம், குண்டின் வடிவம், தோட்டாவை இடும் முறை ஆகியவற்றை அவர் அதில் நுணுக்கமாக ஆராய்ந்தார். பின்னர், 1878இல் நூலுருவம் பெற்ற ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்னும் நூலில், அந்த அறிவுக்கு ஒரு தத்துவார்த்தப் பயன் கிட்டியது. பலாத்காரம் வெறும் விருப்பத்தினால் நிகழ்வதன்று. அதற்குக் கருவிகள் வேண்டும். கருவிகள் உற்பத்தி செய்யப்படுதல் வேண்டும். ஆதலின் பலாத்காரத்தின் வரலாற்றைப் பொருளுற்பத்தியின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது என்பது அந்நூலில் அவர் நிறுவிய கருத்துகளுள் ஒன்றாகும்.

இக்கட்டுரை அதே பொருளின் மிகச் சிறியதொரு கூற்றையே எடுத்துக்கொள்கின்றது. அது துப்பாக்கியின் மேற்பரப்பு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் போட்டிக்கோ தமது தேவைக்கேற்பத் தனியே றைபிள் செய்வித்துக்கொள்வோர் உளர். இயங்குபகுதி ஓரிடத்திலிருந்தும், குழல் பிறிதோரிடத்திலிருந்தும் வருவிக்கப்பட்டுத் துப்பாக்கிக் கம்மியரொருவரால் இணைக்கப்படுகின்றன. வேலை முடியும் தறுவாயில், இவற்றின் மீது எத்தகைய காப்புப் படலம் அமைதல் வேண்டும் என்னும் வினா எழுகின்றது. நீலமா, கருமையா, சாம்பல் நிறமா என்ற அளவில் இவ்வினா சுவையுணர்வைப் பற்றியதாகவே தோன்றும். ஆயின் ஒவ்வொரு படலத்தின் பின்னாலும் உலோகத்தின் இரசாயனமும், அதனை உருவாக்கிய உழைப்பின் ஒழுங்கமைப்பும், சில வேளைகளில் உயிர்ச்சேதமும் மறைந்து கிடக்கின்றன. அவற்றை வெளிக்கொணர்வதே இங்கு நோக்கமாகும்.

துவக்கு என்னும் சொல், 1983 முதல் 2009 வரை போருக்குள் வாழ்ந்த நமது மக்களிடையே எத்தகைய நினைவுகளைக் கிளறும் என்பதை யாம் அறியாமலில்லை. அதனைப் புகழ்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒரு பொருளை அஞ்சுவதோ வழிபடுவதோ அதனை அறிந்துகொள்வதாகாது.

1. துருவின் இயல்பு

இரும்பு இயற்கையில் பெரும்பாலும் ஒட்சைட்டாகவே கிடைக்கின்றது. பெருமளவு வெப்பத்தையும் உழைப்பையும் செலவிட்டு மனிதன் அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கின்றான். நீரும் ஒட்சிசனும் ஒருங்கே கிடைத்தவிடத்து அவ்வுலோகம் மீண்டும் தனது பழைய நிலைக்குத் திரும்புகின்றது. நாம் கறள் என்றும் துரு என்றும் வழங்குவது இதனையே. துரு, தான் தோன்றிய இரும்பினும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே அது இறுகப் பற்றி நிற்பதில்லை. பொருக்காகக் கழன்று, புதிய இரும்பைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் காட்டிக் கொடுக்கின்றது. உப்பு இருக்குமாயின் இம்மாற்றம் விரைவுறும். கடற்காற்றும், கையின் வியர்வையும் துப்பாக்கிக்குப் பகையாவது இதனாலேயே.

இரும்பு ஒட்சைட்டுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. செந்துரு பொருக்காக உதிர்வது. மக்னதைற்று எனப்படும் கருநிற ஒட்சைட்டோ உலோகத்தை இறுகப் பற்றி நிற்பது. இரும்பு ஒட்சியேறுவதை முற்றாகத் தடுக்க முடியாவிடின், விரும்பிய வடிவில் ஒட்சியேறச் செய்து அதனையே காவலாக்கலாம் என்பதைக் கைவினைஞர் இரசாயனக் கல்விக்கு முன்னரே பட்டறிவினாற் கண்டுகொண்டனர்.

இவ்விடத்து ஒரு பாகுபாட்டை மனங்கொள்ளுதல் தகும். காப்புப் படலங்களுள் சில, உலோகமே இரசாயன மாற்றமுற்று உருவாவன. ஏனையவை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசப்படுவன. முதல் வகையிற் படலத்துக்கும் உலோகத்துக்கும் இடையே தெளிவான எல்லை இல்லை. இரண்டாம் வகையில் எல்லை உண்டு, ஆதலால் உரிந்துபோகும் வாய்ப்பும் உண்டு. இலக்கியத்தில் உருவம் உள்ளடக்கத்தின் மீது பூசப்படும் மெருகா, உள்ளடக்கத்திலிருந்து விளைவதா என்று நீண்டகாலம் விவாதித்து வந்த நமக்கு இப்பாகுபாடு புதியதன்று. எனினும் உலோகத்தைப் பொறுத்தவரை இரண்டு வகைக்கும் தத்தமக்குரிய பயன் உண்டு.

2. கைவினைக் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரித்தானியக் காலாட்படை வீரனின் துப்பாக்கிக் குழலில் எப்படலமும் இருந்ததில்லை. அது வெண்ணிறமாகப் பளபளக்க வேண்டுமென்பது கட்டளை. செங்கற்பொடி முதலியவற்றால் நாள்தோறும் தேய்த்து, வீரனே அப்பளபளப்பைப் பேணினான். இத்தேய்ப்பினாற் குழலின் சுவர் மெல்ல மெல்லத் தேய்ந்தது. வெயிலில் ஒளிவீசி எதிரிக்கு இருப்பிடத்தையும் காட்டியது. ஊதியம் குறைந்தவனின் உழைப்புக்குக் கணக்கில்லை என்ற நிலையில், அணிவகுப்பின் தோற்றம் ஆயுதத்தின் ஆயுளினும் மேலானதாகக் கருதப்பட்டது. மறைந்திருந்து சுடும் பணிக்கெனத் தனிப் படைப்பிரிவுகள் உருவான காலத்தில் இந்நிலை மாறலாயிற்று. 1800ஆம் ஆண்டளவில் ஏற்கப்பட்ட பேக்கர் றைபிளின் குழல் கபிலநிறமேற்றப்பட்டிருந்தது. போர் முறையில் ஏற்பட்ட மாற்றம் மேற்பரப்பின் மாற்றத்தை வேண்டி நின்றது எனலாம்.

கபிலமேற்றல் என்பது திட்டமிட்டுத் துருப்பிடிக்கச் செய்தலாகும். குழலின் இரு வாய்களையும் மரத்தக்கையால் அடைத்து, எண்ணெய்ப்பசை அறக் கழுவி, அமிலங்களிற் கரைந்த இரும்புப்புகள் அடங்கிய கரைசலை மெல்லியதாகத் தடவுவர். ஈரமான அறையிற் சில மணி நேரம் வைத்தால் மென்மையான செந்துரு படரும். பற்றாத துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, மீண்டும் தடவுவர். இவ்வாறு பன்முறை செய்ய, இறுகிய கபிலப் படலம் எஞ்சும். ஒவ்வொரு முறையும் தேய்ப்பதற்கு முன்னர்க் கொதிநீரில் இட்டால், செந்துரு கருநிற ஒட்சைட்டாக மாறும். அதன் இறுதி விளைவு நீலங்கலந்த கருமையாகும். இதனைத் துருவழி நீலமேற்றல் எனலாம். வேலை பல நாட்களுக்கு நீளும். காலநிலையின் ஈரப்பதன், கரைசலின் செறிவு, தூரிகையின் மென்மை ஆகிய யாவும் விளைவைத் தீர்மானிக்கும். கைவிரல் ஒருமுறை பட்டாலும் மறு பட்டுப் படலம் கெட்டுவிடும்.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிற் கபிலமேற்றுவோர் ஒரு தனித் தொழிற்பிரிவினராகவே இருந்தனர். அந்நகரின் துப்பாக்கித் தொழில் ஒரே கூரையின் கீழ் நடைபெறவில்லை. குழல் செய்வோர், துளையிடுவோர், பூட்டுச் செய்வோர், மரவேலை செய்வோர், மெருகிடுவோர் எனத் தொழில் பலவாகப் பிரிந்து கிடந்தது. பகுதிகள் பட்டறையிலிருந்து பட்டறைக்குக் கொண்டு செல்லப்பட்டன. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிற் கடிகாரத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கும் கைத்தொழிற் பட்டறை உற்பத்தியின் சாயலை இங்குக் காணலாம். ஒரு பகுதி வேலையில் ஆயுள் முழுவதும் தேர்ச்சி பெற்றவன் அவ்வேலையிற் பேராற்றலும், ஏனைய வேலைகளில் ஆற்றலின்மையும் ஒருங்கே எய்துகின்றான். துருவழி நீலமேற்றலின் அழகு இத்தகைய உழைப்பின் திரண்ட வடிவமாகும்.

இம்முறை இன்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கு ஓர் இரசாயனக் காரணமும் உண்டு. உயர்தர இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளிற் குழல்கள் மென்பற்றாசினால் ஒட்டப்படுகின்றன. பின்னர்த் தோன்றிய விரைவு முறையின் கொதிக்கும் காரக்கரைசல் அப்பற்றாசை அரித்துவிடும். ஆதலால் அங்கே பழைய முறைக்கு மாற்று இல்லை.

3. பேருற்பத்தியும் மேற்பரப்பும்

தொழிற்சாலை உற்பத்தி நாட்கணக்கான காத்திருப்பைத் தாங்காது. சோடியம் ஐதரொட்சைட்டும் நைத்திரேற்று உப்புகளும் கலந்த செறிந்த கரைசலை ஏறத்தாழ 135 முதல் 150 பாகை செல்சியசு வரை கொதிக்கச்செய்து, அதிற் பாகங்களை இட்டெடுக்கும் முறை 1930களில் அமெரிக்காவிற் பரவலாயிற்று. நாட்கணக்கில் நிகழ்ந்த வேலை அரைமணி நேரத்தளவிற்குச் சுருங்கியது. படலத்தின் இரசாயனம் பழையதே, கருநிற ஒட்சைட்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம் தனித்து நின்று துருவைத் தடுக்கமாட்டாது. எண்ணெயைப் பற்றி வைத்திருக்கும் ஒரு தளமாகவே அது பயன்படுகின்றது. நீலமேற்றிய துப்பாக்கியை மழையில் நனைத்து உலர்த்தாது வைப்பவர் மறுநாளே கறளைக் காண்பார்.

நீலத்தின் ஆழமும் பளபளப்பும் கரைசலினால் உண்டாவன என்பது பலரும் கொண்டுள்ள தப்பெண்ணம். அவை அதற்கு முன்னர் உலோகத்தை மெருகிட்ட கையின் விளைவுகள். கண்ணாடிபோல் மெருகிட்ட உருக்கில் நீலம் ஒளிர்கின்றது. மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய உருக்கில் அதே கரைசல் ஒளியற்ற கருமையைத் தருகின்றது. வாங்குபவர் நிறத்துக்கு விலை கொடுப்பதாகக் கருதுகின்றார். உண்மையில் அவர் விலை கொடுப்பது மெருகிட்டவரின் உழைப்பு நேரத்துக்காகும். மனித உழைப்பின் தன்மை பொருளின் தன்மையாகத் தோற்றமளிப்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

பேருற்பத்திக்குரிய பிறிதொரு படலம் பொசுபேற்றினால் ஆயது. பேர்மிங்காமைச் சேர்ந்த தோமஸ் கொஸ்லெற் என்பார் 1906இல் இரும்பைப் பொசுபோரிக்கமிலக் கரைசலிற் காய்ச்சிக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1915இல் அமெரிக்காவின் டிற்றோயிற் நகரில் நிறுவப்பட்ட பார்க்கர் நிறுவனம் இம்முறையை விருத்தி செய்தது; பார்க்கரைசிங் என்னும் பெயர் அதனாலேயே நிலைத்தது. முதலாம் உலகப் போரின் இறுதியாண்டான 1918இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலை இதனை றைபிள்களுக்குக் கையாளத் தொடங்கியது. மங்கனீசு அல்லது நாகப் பொசுபேற்றுப் பளிங்குகள் உலோகத்தின் மீது நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிறப் படலமாக வளர்கின்றன. அத்துளைகள் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ஒளியைத் தெறிக்காமை மேலதிக நன்மை. இதற்கு மெருகிடுதல் வேண்டியதில்லை என்பதே உற்பத்தி நோக்கில் முதன்மையான நன்மையாகும். மெருகிடும் தொழிலாளியின் தேர்ச்சி இவ்வாறு உற்பத்தியிலிருந்து அகற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான பாகங்களைக் கூடைகளில் இட்டுத் தொட்டியில் அமிழ்த்தினாற் போதுமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் துப்பாக்கிகளிற் காணப்படும் சாம்பல் நிறம், அவசரமாகத் திரட்டப்பட்ட பேருழைப்பின் நிறமாகும்.

பொசுபரசு இரும்பைக் காக்கும் என்பதற்கு நமது துணைக்கண்டத்தில் மிகப் பழையதொரு சான்று உண்டு. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நிற்கும் டெல்லி இரும்புத் தூண் பெரிதும் அரிக்கப்படாமைக்கு, அவ்விரும்பிற் பொசுபரசு மிகுந்திருப்பதும், அதனால் மேற்பரப்பிற் பொசுபேற்றுப் படலமொன்று உருவானமையும் காரணங்களென உலோகவியலாளர் விளக்கியுள்ளனர். அங்குக் கனிமத்தினாலும் உருக்கும் முறையினாலும் தானாக விளைந்தது, இங்குத் தொட்டியில் வேண்டுமென்றே விளைவிக்கப்படுகின்றது.

4. கண்ணுக்குப் புலப்படாத மேற்பரப்பு

மேலே கூறியவை யாவும் குழலின் வெளிப்புறம் பற்றியன. துப்பாக்கியின் உயிர்நிலை குழலின் உட்புறமும் தோட்டா பொருந்தும் அறையுமாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இராணுவத் தோட்டாக்களின் எரியூட்டியிற் பொற்றாசியம் குளோரேற்றுப் பெரிதும் கலக்கப்பட்டிருந்தது. சுட்டபின் அது பொற்றாசியம் குளோரைட்டாக, அதாவது உணவுப்பை ஒத்ததோர் உப்பாக, குழலினுள்ளே படியும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவிற் குழலை அரிக்கவல்லது. எண்ணெய் உப்பைக் கரையாது, நீரே கரைக்கும். பிரித்தானியப் படைவீரர் தமது லீ-என்பீல்ட் றைபிள்களின் குழலிற் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியமைக்குக் காரணம் இதுவே.

இதற்குக் கைத்தொழில் கண்ட விடை குழலின் உட்புறத்திற் கடினமான குரோமிய முலாம் இடுதலாகும். ஜப்பான் 1939இல் ஏற்றுக்கொண்ட 99ஆம் வகை அரிசாக்கா றைபிளின் குழலுக்கு இம்முலாம் இடப்பட்டது. தென்கிழக்காசியாவின் ஈரமான காடுகளில் நடந்த ஆக்கிரமிப்புப் போருக்கு அது பெரிதும் பயன்பட்டது. போரின் இறுதிக் கட்டத்தில், மூலப்பொருளும் தொழிலாற்றலும் வற்றியபொழுது, குரோமிய முலாம் கைவிடப்பட்டது. வெளிப்புற மெருகும் கைவிடப்பட்டது. அக்காலத்துத் துப்பாக்கிகளின் உடலிற் கடைசல் யந்திரத்தின் கீறல்கள் அப்படியே தெரிகின்றன. ஒரு பேரரசின் பொருளாதாரச் சரிவை அந்த றைபிள்களின் மேற்பரப்பிலேயே ஒருவர் வாசித்துவிடலாம்.

இதனினும் துயரமானது வியட்நாமில் நிகழ்ந்தது. 1965 தொடக்கம் அமெரிக்கப் படையினருக்குப் பெருந்தொகையாக வழங்கப்பட்ட எம்-16 றைபிளின் தோட்டாவறைக்கோ குழலுக்கோ குரோமிய முலாம் இருக்கவில்லை. அதற்கு முன்னரே தோட்டாவின் வெடிமருந்து வகை மாற்றப்பட்டிருந்தது. புதிய மருந்து சுடும் வேகத்தைக் கூட்டியதோடு மிகுந்த கசடையும் விட்டுச் சென்றது. இத்துப்பாக்கிக்குத் துப்புரவு அதிகம் வேண்டியதில்லை என்ற எண்ணம் பரப்பப்பட்டது. துப்புரவுக் கருவிகளும் போதியளவில் வழங்கப்படவில்லை. ஈரமான வெப்ப வலயக் காற்றில் தோட்டாவறைகள் துருப்பிடித்துக் குழி விழுந்தன. சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா அக்குழிகளில் இறுகி வெளிவர மறுத்தது. கோலினால் அதனைத் தள்ளி வெளியேற்ற முயன்ற நிலையிலேயே இளைஞர் பலர் மாண்டனர். 1967இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உபகுழுவொன்று இதனை விசாரித்தது. தோட்டாவின் குறைபாடுகளைத் திருத்த நடவடிக்கை எடுக்காத அதிகாரிகளின் செயல் குற்றமான அலட்சியத்தை அண்மியதென அதன் அறிக்கை கண்டித்தது. அதன் பின்னரே முதலில் தோட்டாவறைக்கும், பின்னர்க் குழல் முழுவதற்கும் குரோமியம் இடப்பட்டது. எதிர்த்தரப்பினர் ஏந்திய கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிகளின் குழல்கள் குரோமிய முலாம் பெற்றவையாக இருந்தன.

உலகின் மிகச் செல்வம் படைத்த அரசு, ஏழைக் குடும்பங்களிலிருந்து பெருமளவிற் கட்டாய ஆட்சேர்ப்பினாற் பெற்ற இளைஞரைத் தொலைதூர நாடொன்றை அடக்க அனுப்பியது. அவர்களின் கருவியில், ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமான படலமொன்று இல்லாதிருந்தது. காப்புப் படலம் சுவையுணர்வின் விடயமன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. பட்டியல் விலையிற் சேமிக்கப்பட்டது பிறரது உயிரினாற் செலுத்தப்பட்டது.

5. உருக்குத் தொழிலாளியின் மகன்

படலமிடுவதற்குப் பதிலாக உலோகத்தின் சேர்க்கையையே மாற்றுதல் இன்னொரு வழியாகும். ஹரி பிறியர்லி (1871–1948) ஷெபீல்ட் நகரில் உருக்கு வார்க்கும் தொழிலாளியொருவரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதளவிற் பள்ளியை விட்டு உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்து, ஆய்வுகூடத்திற் போத்தல் கழுவும் பையனாக இருந்து, தன்முயற்சியாற் கற்றுப் பிரவுண்-பேர்த் ஆய்வுகூடத்தின் தலைவரானார். 1912இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிரச்சினை றைபிள் குழல்களின் உட்புறம் வெப்பவாயுக்களினால் அரிபடுவது பற்றியதாகும். அதற்குத் தீர்வு தேடி, 1913 ஆகஸ்ற் மாதத்தில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த உருக்கொன்றை வார்த்தார். அவ்வுருக்கை அமிலம் எளிதில் அரிக்கவில்லை. அதனை உடனடியாகப் பயன்படுத்தியவர்கள் துப்பாக்கி செய்வோரல்லர்; கத்தி செய்வோரே. கறைபடா உருக்கு நமது சமையலறைகளுக்கு வந்த வழி துப்பாக்கிக் குழலின் வழியே என்பதைப் பலர் அறியார். கண்டுபிடிப்பின் உரிமை பற்றி நிறுவனத்துடன் எழுந்த பிணக்கினால் பிறியர்லி 1915இல் அங்கிருந்து விலகினார். உழைப்பவனின் அறிவு எவருடைய உடைமை என்னும் வினா அன்றும் இருந்தது.

கறைபடா உருக்கின் காவல், குரோமியம் ஒட்சிசனுடன் சேர்ந்து உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலமேயாகும். கீறினாலும் காற்றுப்பட்டவுடன் அது தானே புதுப்பிக்கப்படுகின்றது. இன்று போட்டிக் குழல்கள் பெரும்பாலும் 416 வகையைச் சேர்ந்த உருக்கினாற் செய்யப்படுகின்றன. எளிதிற் கடைவதற்காக அதிற் கந்தகம் சேர்க்கப்படுவதால், அது துருவைப் பெரிதும் எதிர்க்குமேயன்றி முற்றாகத் துருவற்றதன்று. உப்பும் வியர்வையும் நெடுநேரம் படின் அதிலும் புள்ளி விழும்.

6. இன்றைய தெரிவுகள்

இன்று தனியே றைபிள் செய்விப்பவரின் முன் மேலும் மூன்று முறைகள் உள்ளன. முதலாவது, உருகிய உப்புத்தொட்டியில் ஏறத்தாழ 570 பாகை செல்சியசு வெப்பநிலையில் நைதரசனையும் காபனையும் உருக்கின் மேற்பரப்புக்குள் ஊடுருவச் செய்தலாகும். மேற்பரப்பே கடினமான நைத்திரைட்டாக மாறுகின்றது; குழலின் உட்புறமும் வெளிப்புறமும் ஒருங்கே காவல் பெறுகின்றன; உரிவதற்குப் படலம் என்று தனியே ஒன்றில்லை. குரோமியமும் மொலிப்டினமும் கலந்த சாதாரணக் குழல் உருக்குக்கு இது மிகப் பொருத்தமானது. ஆயின் இதன் பின்னர்க் குழலைக் கடைவதோ தோட்டாவறையைத் திருத்துவதோ கடினமாதலால், எல்லா வேலையும் முடிந்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். கறைபடா உருக்கிற் குரோமியத்தின் ஒரு பகுதி நைதரசனுடன் பிணைந்துவிடுவதால், அதன் இயல்பான துரு எதிர்ப்பு ஓரளவு குறையவும் கூடும்.

இரண்டாவது, மட்பாண்டத் துகள்கள் கலந்த பல்பகுதியப் பூச்சு. செரக்கோற் என்னும் வணிகப் பெயரால் இது பரவலாக அறியப்படுகின்றது. மணல் வீசித் தூய்மையாக்கிய உலோகத்தின் மீது தெளித்து, ஏறத்தாழ 120 பாகை செல்சியசு வெப்பத்தில் அடுப்பில் வாட்டுவர். அதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நாற்பதிலொரு பங்கு. உப்புக்கும் ஈரத்துக்கும் எதிரான காவல் நீலமேற்றலினும் பன்மடங்கு மேலானது, எந்நிறத்திலும் கிடைக்கும். ஆயின் நெருங்கிப் பொருந்தி அசையும் பாகங்களில் அத்தடிப்பும் கணக்கிற்குரியது. குழலின் உட்புறத்துக்கு அது உரியதன்று.

மூன்றாவது, வெற்றிட அறையில் அணுவணுவாகப் படியவிடப்படும், வைரத்தை ஒத்த காபன் படலம். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு தடிப்பேயுடையதாயினும் மிகக் கடினமானது, உராய்வைக் குறைப்பது. ஆதலின் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் பூட்டுத்தண்டுக்கு இது சிறந்தது. இதனை எந்தக் கம்மியரும் தமது பட்டறையிற் செய்ய இயலாது. மூலதனம் மிகுந்த யந்திரத்திற்கே பாகத்தை அனுப்புதல் வேண்டும்.

இவற்றுள் எதனைத் தெரிவது? ஒழுங்காக ஆராய்பவர் நான்கு வினாக்களை எழுப்புவார். உலோகம் யாது என்பது முதல் வினா. சாதாரணக் காரக்கரைசல் கறைபடா உருக்கை நீலமாக்காது; அதற்குப் பூச்சோ காபன் படலமோ வேண்டும், அன்றி வெறுமனே விடலாம். அவ்வுலோகம் எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பது இரண்டாவது. பழைய மௌசர் 98 இயங்குபகுதிகள் காபன் குறைந்த உருக்கினாலாகி, மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டவை. அவற்றை 570 பாகைக்குச் சூடாக்கினால் அக்கடினத்தன்மை தளர்ந்து, பூட்டைத் தாங்கும் இடங்கள் அமுங்கலாம். அத்தவறு அழகைக் கெடுப்பதோடு நில்லாது, சுடுபவரின் முகத்துக்கு அருகே ஆபத்தை வைப்பதாகும். எவ்வளவு இடைவெளியுண்டு என்பது மூன்றாவது. எந்நிலத்தில், எவ்வாறு பயன்படும் என்பது நான்காவது. ஆயினும் முடிவைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கும்.

கடலோரத்திலும் மழைக்காட்டிலும் செல்லும் வேட்டைக்காரருக்குக் கறைபடா உருக்குக் குழலும், அதன் வெளியே மட்பாண்டப் பூச்சும் தகும்; சாதாரண உருக்காயின் நைத்திரைட்டு முறை தகும். போட்டிக்காரரின் குழல் சில ஆயிரம் தடவை சுட்டதும் தேய்ந்து மாற்றப்படுவதாகையால், வெளிப்புறத்துக்கு மிகுந்த செலவு செய்தல் பயனற்றது. ஆயின் இயங்குபகுதி பல குழல்களைக் கடந்து வாழ்வதால் அதன் காவலிற் கவனம் வேண்டும். உலர்ந்த நிலத்தில், எண்ணெயிட்டுப் பேணும் பழக்கமுடையவரின் கையில், வாதுமை மரப்பிடியுடன் கூடிய பழைய பாணித் துப்பாக்கிக்குத் துருவழி நீலமே பொருந்தும். அது மங்கலான ஒளியுடையது. நீண்டகாலக் கைபழக்கத்தில் அழகாகத் தேய்வது. மீண்டும் அதே முறையிற் புதுப்பிக்கத்தக்கது. கரைசலின் விலை அற்பம். விலை முழுவதும் கைகளுக்கும் நாட்களுக்குமே உரியது.

7. மேற்பரப்பின் பின்னால்

கருவி எவ்வாறு காக்கப்படுகின்றது என்று கேட்பவர், காப்பவர் எவ்வாறு காக்கப்படுகின்றார் என்றும் கேட்டாக வேண்டும். பழைய கபிலக் கரைசல்கள் சிலவற்றில் நஞ்சான இரசக் குளோரைட்டுக் கலந்திருந்தது. தடவியவரின் மூச்சும் தோலும் அதனை ஏற்றன. கொதிக்கும் காரத்தொட்டியில் ஒரு துளி நீர் தவறி வீழ்ந்தாலும் அது சீறித் தெறிக்கும். குரோமிய முலாமிடும் தொட்டியிலிருந்து எழும் அமிலத் துமி, தொழிலாளரின் மூக்கின் நடுச்சுவரையே துளைத்தது. அது புற்றுநோய்க்கும் ஏதுவாவது. பிரித்தானியாவில் 1931ஆம் ஆண்டு குரோமிய முலாமிடும் வேலைக்கெனத் தனி விதிகள் இயற்றப்பட்டன. அவை உழைப்போரின் உடலில் முதலில் எழுதப்பட்டு, பின்னரே சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டன எனலாம். இன்று மட்பாண்டப் பூச்சைத் தெளிப்பவருக்கு முகமூடியும் காற்றோட்டமும் உரிமைகளாகும். அவற்றைச் சலுகைகளாகக் கருதும் பட்டறை மலிவான விலை கூறுமாயின், அம்மலிவின் மூலத்தை அறிவது கடினமன்று.

இவ்விடத்து நமது பழைய இலக்கியத்திலிருந்து ஒரு செய்தியை நினைவு கூர்தல் பொருந்தும். புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் இரண்டு படைக்கலக் கொட்டில்களை ஒப்பிடுகின்றார். ஒன்றில் ஆயுதங்கள் அணிசெய்யப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் இருக்கின்றன. மற்றதில் அவை போரில் நுனி சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் எந்நாளும் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த திறனுக்காக இப்பாடல் நமது வகுப்பறைகளிற் போற்றப்படுகின்றது. நெய், அக்காலத்து இரும்பின் காப்புப் படலம் என்பதும், அப்படலத்தின் முழுமை ஆயுதம் பயன்படாது கிடந்ததற்கு அடையாளமாயிற்று என்பதும் உரையாசிரியர்களின் கவனத்தை அதிகம் பெற்றிலது. மேற்பரப்பைப் பார்த்து அதன் பின்னாலுள்ள வாழ்வை வாசிக்கும் கலையை அந்தப் புலவர் நன்கறிந்திருந்தார். அவர் கொல்லனின் குடிலையும் காட்டினார் என்பது நமக்கு இன்னும் முக்கியமானது. அங்கே, அடுத்த போருக்காக நுனியைத் தீட்டிக்கொண்டிருந்தவனின் பெயரை எப்பாடலும் கூறவில்லை.